வாட் கணக்கு மட்டும் போதாது: கம்பியில்லா இணையச் சேவையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் ஊர்ப்புறங்களிலும் கம்பியில்லா இணைப்பு வழியாக இணையச் சேவை வழங்கிவரும் நிறுவனத்தாருக்கும், அத்தொழிலில் இறங்கியுள்ள கேபிள் டி.வி. ஆபரேட்டர்களுக்கும், அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,



5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள அலைக்கற்றையை உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபரில் இந்திய அரசு அறிவித்தது. கண்ணாடியிழைக் கேபிள் எட்டாத தெருக்களுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் மொட்டைமாடி ரேடியோக்கள் வழியாக இணையம் கொண்டுசெல்லும் தொழிலுக்கு அந்த அறிவிப்பு வழியை அகலப்படுத்தியது. ஆயினும் ரேடியோவின் ஆற்றல், ஆன்டெனாவின் கோணம், டவரின் உயரம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படும் கவனம், அவை அனைத்தையும் இயக்கும் மின்வழங்கியைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. களத்தில் அடாப்டர் என்றும், எஸ்.எம்.பி.எஸ். என்றும், பவர் சப்ளை என்றும் வழங்கும் அந்தப் பெட்டி, பட்டியலின் கடைசி வரியில், 'இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர்' என்னும் இரண்டு எண்களை மட்டும் பார்த்து, கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏற்ப வாங்கப்படுகிறது. மின்வழங்கியை அதன் சீட்டில் அச்சிட்ட வாட் அளவைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அது நிற்கப்போகும் இடத்தின் மிக மோசமான ஒரு மணி நேரத்தைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைத் தொழில் முழுவதும் ஏற்க வேண்டும் என்பதும், அதற்கான பொதுத் தரப் பட்டியல் ஒன்றைச் சங்கங்களே வகுக்க வேண்டும் என்பதும் இம்மடலின் கோரிக்கை.

இக்கோரிக்கைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்சான்று உண்டு. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களைத் தன்னுடன் இணைப்பதற்காக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளை அமைத்தது. மாதத்திற்கு ஏறத்தாழ 3,000 நோயாளிகள் காணொலி வழியாக மருத்துவரைக் கண்ட அந்த வலையமைப்பின் பட்டறிவை 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட ஆய்வாளர்கள், ஊரகக் கம்பியில்லா வலையமைப்புகள் சோதனைக் கட்டத்தைத் தாண்டி நீடிக்காமல் போவதற்கான காரணங்களைப் பட்டியலிட்டபோது, தரங்குறைந்த மின்சாரத்தால் பாகங்கள் அடிக்கடி பழுதாவதை முதலில் வைத்தனர். உள்ளூரில் பழுதை இனங்காணத் தெரிந்தவர் இல்லாமையும், இணைப்பு அறுந்தபின் தொலைவிலிருந்து ஆராய வழியில்லாமையும் அதனோடு சேர்ந்தே சொல்லப்பட்டன. சிறு சேவையாளர் ஒவ்வொருவரும் இன்று எதிர்கொள்ளும் நிலையும் இதுதான் என்பதால், அக்கட்டுரையின் முடிவு பழையதாகிவிடவில்லை.

மின்வழங்கி எவ்வாறு பழுதாகிறது என்பதை அறிய, அதன் உள்ளமைப்பைச் சுருக்கமாகவேனும் அறிந்திருத்தல் வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் முதலில் நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, மின்பகுபொருள் அடங்கிய ஒரு பெரிய மின்தேக்கியில், அதாவது களத்தார் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்று சொல்லும் உருளையில், சேமிக்கப்படுகிறது. பின்னர் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடப்பட்டு, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியே சென்று, மறுபுறத்தில் மீண்டும் மின்தேக்கிகளால் சமனாக்கப்பட்டு, 24 வோல்ட்டாகவோ 48 வோல்ட்டாகவோ வெளிவருகிறது. இவ்வரிசையில் தேய்ந்து தீரும் இயல்புள்ள பாகம் மின்தேக்கிதான். அதற்குள் இருக்கும் திரவம் வெப்பத்தால் சிறிதுசிறிதாக உலர்ந்துகொண்டே இருப்பதால், மின்வழங்கியின் ஆயுள் பெரும்பாலும் அந்த உருளையின் ஆயுளாகவே அமைகிறது.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. மலிவான மின்வழங்கியில் காணப்படும் மின்தேக்கி 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். தொழிலகத் தரத்துக்குரியதில் அதே 105 டிகிரிக்கு 10,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட வகைகளும் உண்டு. இவ்விரண்டும் 75 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து இயங்குவதாகக் கொண்டால், முதலாவது 16,000 மணி நேரத்தில், அதாவது இரண்டு ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிட, இரண்டாவது 80,000 மணி நேரம், அதாவது ஒன்பது ஆண்டுக்குச் சற்று மேல் தாங்கும். 75 டிகிரி என்பது மிகைப்பட்ட எண் அன்று. சென்னையில் 2003 மே 31 அன்று நிழலிலேயே 45 டிகிரி பதிவானது. வெயிலில் நிற்கும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெளிவெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி எளிதாகக் கூடும். மின்வழங்கியின் சொந்தச் சூடு அதன்மேல் சேரும். இரவின் குளிர்ச்சி மொத்த ஆயுளைச் சற்று நீட்டினாலும், இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள ஐந்து மடங்கு வேறுபாடு அப்படியே நிற்கும்.

உலரத் தொடங்கிய மின்தேக்கி உடனே செத்துவிடுவதில்லை என்பதே களப்பணியாளரைக் குழப்பும் செய்தி. அதன் உள்தடை கூடக்கூட, வெளிவரும் மின்னழுத்தத்தில் சிற்றலை, அதாவது நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறியிருக்கும் ஏற்ற இறக்கம், பெருகுகிறது. வாடிக்கையாளர்கள் ஒருசேரப் படம் பார்க்கும் மாலை நேரத்தில் ரேடியோ கூடுதல் மின்னோட்டம் கேட்டவுடன் அழுத்தம் சரிந்து, ரேடியோ தானாக அணைந்து மீண்டும் எழுகிறது. மறுநாள் காலையில் ஏறிப் பார்க்கும் டெக்னீசியன், அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் முள் பிசகாமல் 24 வோல்ட் காட்டுகிறது. சுமை இல்லாதபோது அது அப்படித்தான் காட்டும். ஆகவே அடாப்டர் நலமாக இருப்பதாக முடிவுசெய்து ரேடியோவை மாற்றுகிறார். புதிய ரேடியோவும் அடுத்த வாரம் அதே நேரத்தில் அணைந்து எழுகிறது. மின்வழங்கியைச் சுமையோடு சேர்த்தே அளக்க வேண்டும் என்ற ஒரு விதியைப் பணியாளர்களுக்குப் பழக்கிவிட்டாலே, வீணாக மாற்றப்படும் ரேடியோக்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறையும்.

வெப்பத்தோடு தொடர்புடைய வேறு இரண்டு விவரங்களையும் விவரத்தாளில் தேடிப் பார்க்க வேண்டும். முதலாவது, திறன் குறைப்புக் கோடு: வெப்பம் ஏற ஏற மின்வழங்கியிடமிருந்து எத்தனை விழுக்காடு மட்டும் எடுக்கலாம் என்பதைக் காட்டும் வரைபடம் அது. தொழிலகப் பயன்பாட்டுக்கான பல மாதிரிகள் 50 டிகிரி வரை முழுத் திறனையும் தந்து, அதற்கு மேல் படிப்படியாகக் குறைத்து, 70 டிகிரியில் பாதியளவே தருவதாக அமைந்துள்ளன. ஆகவே 120 வாட் என்று அச்சிட்ட பெட்டி, சித்திரை வெயிலில் 60 வாட் பெட்டியாக நிற்கக்கூடும். அவ்வரைபடமே இல்லாத விவரத்தாளைக் கொண்ட பொருளை டவருக்கு வாங்கலாகாது. இரண்டாவது, செயல்திறன்: 100 வாட் சுமைக்கு 80 விழுக்காடு செயல்திறனுள்ள பெட்டி 25 வாட்டைச் சூடாகக் கக்க, 92 விழுக்காடு செயல்திறனுள்ளது ஒன்பது வாட்டுக்கும் குறைவாகவே கக்குகிறது. மின்கட்டணத்தில் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், மூடிய பெட்டிக்குள் மின்தேக்கியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுவே. பெட்டிக்கு வெள்ளை வண்ணம் பூசி, மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டி, மேலே ஓர் இடைவெளி விட்டு நிழல்தகடு அமைப்பது, இவை எல்லாவற்றிலும் செலவு குறைந்த திருத்தம்.

வெப்பத்துக்கு அடுத்த பகை, உள்ளே வரும் மின்சாரமே. லோ வோல்டேஜ் என்பது பழகிப்போன தொல்லை. 85 முதல் 264 வோல்ட் வரை ஏற்கும் அகன்ற வீச்சுடைய மின்வழங்கி அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் கீழ்ப்பகுதி அழுத்தத்தில் முழுச்சுமையும் தருமா என்பதை அதே விவரத்தாளில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைவிடக் கொடியது, களத்தார் 'நியூட்ரல் கட்' என்று சொல்லும் நிலை. மும்முனை வழங்கலில் நடுநிலைக் கம்பி அறுந்துவிட்டால், ஒருமுனை இணைப்புகளில் அழுத்தம் 230-இல் நில்லாமல், அந்தந்த முனையின் சுமைக்கு ஏற்ப 400 வோல்ட்டை நோக்கியும் ஏறக்கூடும். 264 வோல்ட் மாறுமின்னழுத்தம் உள்ளே நேராக்கப்படும்போது ஏறத்தாழ 373 வோல்ட் ஆகிறது என்பதால், பல மின்வழங்கிகளில் அவ்விடத்தில் 400 வோல்ட் தாங்கும் மின்தேக்கி வைக்கப்படுகிறது. வெளியே 320 வோல்ட் வந்தால் உள்ளே 450-க்கு மேல் நிற்கும். உருளையின் தலை உப்பிப் பிளக்கும். 300 வோல்ட்டைச் சில நொடிகள் தாங்கும் மாதிரிகளும், தொடர்ந்து 305 வோல்ட் வரை ஏற்கும் மாதிரிகளும் சந்தையில் உள்ளன என்றாலும், நியூட்ரல் அறுந்த அழுத்தத்தை அவை மணிக்கணக்கில் தாங்குவதில்லை. அழுத்தம் எல்லை மீறியவுடன் இணைப்பைத் துண்டித்து, சரியானபின் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் இணைக்கும் பாதுகாப்பு ரிலே ஒன்றை முன்னே வைப்பதே அதற்கு வழி.

மின்சாரம் போகும் கணமும் வரும் கணமும் தனித்தனியே கருதத்தக்கவை. போகும் கணத்தில், உள்ளே சேமித்த ஆற்றலைக் கொண்டு மின்வழங்கி எத்தனை மில்லிநொடி தாங்கும் என்பது தாங்குநேரம் எனப்படும். முழுச்சுமையில் 20 மில்லிநொடி, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று, என்பது பொதுவாகக் கிடைக்கும் அளவு. வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் மாறுவதற்கு இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதுண்டு. அப்போது ரேடியோ அணைந்து எழ, வாடிக்கையாளரின் இணைப்பு சில நிமிடம் அறுகிறது. சுமையைப் பாதியளவில் வைத்திருந்தால் தாங்குநேரம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது, சற்றுப் பெரிய மின்வழங்கியை வாங்குவதற்கான இன்னொரு காரணம். மின்சாரம் திரும்பும் கணத்தில், காலியான மின்தேக்கி ஒரே மூச்சில் நிரம்ப முயல்வதால், ஒவ்வொரு மின்வழங்கியும் சில மில்லிநொடிகளுக்குப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். நான்கைந்து பெட்டிகள் ஒரே எம்.சி.பி.யில் இருந்தால் அது விழுந்துவிடும். ஊருக்கெல்லாம் கரண்ட் வந்தபின்னும் அந்த டவர் மட்டும் இருண்டு கிடக்கும். இத்தகைய சுமைக்கு 'பி' வகை எம்.சி.பி.யைவிட 'சி' வகையே பொருந்தும்.

இடிமின்னலைப் பொறுத்தவரை, நேரடியாக விழும் இடியை எந்த மின்வழங்கியும் தாங்காது. அருகில் விழும் இடியால் கம்பிகளில் தூண்டப்படும் மின்னெழுச்சியைத் தாங்குமாறு அமைக்கலாம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தொழிலகச் சூழலுக்கான தரம், மின்னிணைப்பு வழியில் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 2,000 வோல்ட் எழுச்சியைக் கருவி தாங்க வேண்டும் என்கிறது.  முன்னே ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் வைப்பதும், ரேடியோவிலிருந்து இறங்கும் ஈதர்நெட் கேபிளின் இரு முனைகளிலும் அதற்கெனத் தனித் தடுப்பான் வைப்பதும் வழக்கமான முறைகள். தடுப்பான் ஒவ்வோர் அடியிலும் சிறிது தேய்வதால், பச்சை அடையாளம் சிவப்பாக மாறிவிட்டதா என்று பருவமழைக்கு முன் பார்த்து மாற்ற வேண்டும். இவை அனைத்தும் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். டவருக்கு ஒரு குழியும் மின்னிணைப்புக்கு வேறொரு குழியும் தோண்டி, இரண்டையும் இணைக்காமல் விட்டுவிட்டால், இடி விழும் கணத்தில் இரண்டு குழிகளுக்கும் இடையே எழும் பெரும் அழுத்த வேறுபாடு ரேடியோவின் ஈதர்நெட் துளை வழியாகவே பாயும். எர்த் அமைப்புக்கான ஐ.எஸ். 3043 என்னும் இந்திய நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு பணி செய்தல் நலம்.

மின்வழங்கி நல்லதாக இருந்தும் டவர் உச்சியில் மின்சாரம் போதாமல் போவதற்குக் காரணம், நடுவிலுள்ள கேபிள். ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பி.ஓ.இ. முறையில் இரு வழிகள் உண்டு. ஐ.இ.இ.இ. வகுத்த முறையில், கருவியிடம் கேட்டறிந்தபின் 44 முதல் 57 வோல்ட் வரையிலான அழுத்தம் அனுப்பப்படும். 2003-இன் தரத்தில் ஈதர்நெட் துளை ஒன்றுக்கு 15.4 வாட், 2009-இல் 30 வாட், 2018-இல் 90 வாட் என்று அதன் அளவு வளர்ந்துள்ளது. மற்றது, எதையும் கேட்காமல் 24 வோல்ட்டை நேரே அனுப்பும் எளிய முறை. 12 வாட் எடுக்கும் ரேடியோ ஒன்றுக்கு 60 மீட்டர் செம்புக் கேபிளில், இரண்டிரண்டு கம்பிகள் வழியாக 24 வோல்ட் அனுப்பினால், போக வரத் தடை ஏறத்தாழ 5.6 ஓம் ஆகி, உச்சியில் 20.8 வோல்ட் கிடைக்கிறது. கேபிளில் வீணாவது 1.9 வாட். 48 வோல்ட் அனுப்பினால் உச்சியில் 46.6 வோல்ட் நிற்க, வீணாவது 0.4 வாட்டுக்கும் குறைவு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளாக இருந்தால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடி, 24 வோல்ட் உச்சியில் 18 வோல்ட்டாக இறங்கிவிடும். அழுத்தம் குறையக் குறைய ரேடியோ அதே வாட்டுக்காகக் கூடுதல் மின்னோட்டம் இழுக்க, கூடுதல் மின்னோட்டத்தால் அழுத்தம் மேலும் குறைய, ஒரு கட்டத்தில் இயக்கமே நின்றுவிடுகிறது. ஆகவே 30 மீட்டருக்கு மேற்பட்ட டவர்களில் 48 வோல்ட்டையும், எல்லா இடங்களிலும் முழுச் செம்புக் கேபிளையும் வற்புறுத்துவது தகும்.

பேட்டரிக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் சில விதிகள் போதும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து மின்னேற்ற நிலையில் வைக்கும்போது அழுத்தம் 27.6 வோல்ட் வரை இருக்கும் என்பதால், ரேடியோ அதை ஏற்குமா என்று முன்னரே பார்க்க வேண்டும். பேட்டரி 21 வோல்ட்டுக்குக் கீழ் வடிந்து கெடாதபடி துண்டிக்கும் அமைப்பு வேண்டும். ஈயப் பேட்டரியின் ஆயுளும் வெப்பத்தால் ஏறத்தாழப் பாதி பாதியாகக் குறைவதால், மின்வழங்கியின் சூடு படும் அதே பெட்டியில் அதை வைக்கலாகாது. பல கிராமங்களுக்கு ஒரே வாயிலாக நிற்கும் டவரில் இரண்டு மின்வழங்கிகள் தேவை. அவற்றின் வெளிமுனைகளை வெறுமனே சேர்த்து முறுக்கினால், ஒன்று பழுதாகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும் என்பதால், டையோடு அமைப்புள்ள இணைப்பு மாடூலின் வழியாகவே சேர்க்க வேண்டும். ஒன்று பழுதான செய்தியை அலுவலகத்துக்கு அனுப்பும் எச்சரிக்கைத் தொடர்பும் அதனோடு வேண்டும். இல்லையெனில் முதலாவது இறந்தது இரண்டாவது இறக்கும் நாளில்தான் தெரியவரும்.

விற்பனையாளர் காட்டும் எண்களைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. பழுதுகளுக்கிடையிலான சராசரி நேரம் 3,00,000 மணி என்றால், ஒரு பெட்டி 34 ஆண்டு உழைக்கும் என்பது பொருளாகாது. நூறு பெட்டிகள் ஓடும் வலையமைப்பில் சராசரியாக 3,000 மணிக்கு ஒன்று, அதாவது நான்கு மாதத்துக்கு ஒன்று, பழுதாகும் என்பதே பொருள். அதுவும் பெரும்பாலும் 25 டிகிரியில் கணித்த எண். தகவல்தொழில்நுட்பக் கருவிகளுக்கான பவர் அடாப்டர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் அடங்குவன. பொருளின் மேல் 'ஆர்' என்னும் எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணை 'பிஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். பதிவெண் பாதுகாப்புக்கான சான்று மட்டுமே. நீடித்த உழைப்புக்கு அது உறுதி தராது என்றாலும், போலிகளை முதற்கட்டத்திலேயே கழித்துவிட உதவும்.

இத்தனையும் வாங்கச் சிறு சேவையாளருக்குப் பணம் ஏது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடை, எல்லா இடங்களையும் ஒன்றாகக் கருதாமல் தரம் பிரிப்பதில் உள்ளது. வாடிக்கையாளர் வீட்டுக்குள் நிற்கும் அடாப்டர் பழுதானால் ஒரு வீடு மட்டும் துண்டிக்கப்படும். அங்கே பதிவெண் உள்ள சாதாரண அடாப்டர் போதும். தெருவுக்கு இணைப்புத் தரும் மொட்டைமாடியில் திறன் குறைப்புக் கோடும் அகன்ற வீச்சும் உடைய ஒற்றை மின்வழங்கி வேண்டும். பல ஊர்களைச் சுமக்கும் டவரில் மேற்சொன்ன அனைத்தும் வேண்டும். நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றைத் தடுக்கப் பூச்சிட்ட மின்பலகையும், தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐ.பி. 65 தரப் பெட்டியும் இதனோடு சேரும். டவர்கள் எண்ணிக்கையில் சிலவே என்பதால், மிகுசெலவு விழும் இடங்களும் சிலவே.

இப்பணியைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சங்கங்கள் கூடிச் செய்வது எளிது. மூவகை இடங்களுக்குமான பொதுத் தரப் பட்டியலை ஒரு பக்கத்தில் வகுத்து, திறன் குறைப்புக் கோடு, மின்தேக்கியின் மணிக்கணக்கு, உள்ளழுத்த வீச்சு, எழுச்சித் தாங்கல், தாங்குநேரம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் தராத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை என்று தீர்மானிக்கலாம். பழுதான ஒவ்வொரு மின்வழங்கிக்கும் மாதிரியின் பெயர், பொருத்திய நாள், பழுதான நாள், இடம், பிரித்துப் பார்த்தபோது கண்ட குறை ஆகியவற்றைப் பதியும் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். மூன்று கோடைகள் கடந்தபின், எந்த விவரத்தாளும் சொல்லாத உண்மையை அப்பதிவேடு சொல்லும். தேர்ந்த மாதிரிகளைக் கூட்டாக வாங்கினால், சில்லறை விலையில் எட்டாத தரம் மொத்த விலையில் எட்டும். அடுத்த கத்திரி வெயிலுக்கு முன் பட்டியலையும், அதையடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் பதிவேட்டையும் நடைமுறைக்குக் கொண்டுவருமாறு சங்கப் பொறுப்பாளர்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது.